மிஸி வீட்டுப் பிறப்புப் பதிவேடு

எதைச் சொன்னாலும் மிஸி முதலில் கேட்பது, "எத்தினை மணிக்கு?" என்பதைத்தான். பசு கன்று போட்டுவிட்டது என்றாலும் அதுதான் கேள்வி. குரங்கு மாங்காயைப் பறித்துக்கொண்டு போய்விட்டது என்றாலும் அதுதான். ஒருமுறை என் மனைவி என்னோடு சண்டை பிடித்துவிட்டு வேலியோரம் நின்று அழுதாள். மிஸி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான் கேட்டார். மனைவி அழுகையை நிறுத்தி, ஐந்தேகாலுக்கு என்று பதில் சொன்னாள். ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு மிஸி உள்ளே போய்விட்டார். ஆறேமுக்காலுக்கு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் தாதியானாலும் மருத்துவிச்சியானாலும் மிஸிதான். இவர் மருத்துவிச்சி. கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்காலோரம் இருந்த எங்கள் குறுகலான ஒழுங்கையில் பாதிப் பேரைப் பூமிக்கு இறக்கியவர். அந்தப் பாதிப் பேரின் சாதகமும் இவருடைய இடது கை மணிக்கூட்டை நம்பித்தான் எழுதப்பட்டது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே பிள்ளை எடுத்தபோதும் நேரம் பார்க்கத் தவறவில்லை என்று சொல்வார்கள். பிற்காலத்தில் கலியாணப் பொருத்தம் சரிவராமல் போன சில வீட்டுக்காரர் வாழைக்குலையோடு வந்து, பிறந்த நேரத்தை ஒரு இருபது நிமிடம் முன்னே தள்ளிச் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். மிஸி குலையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார், நிமிடத்தையும் கொடுக்கமாட்டார்.

ஓய்வு பெற்றபின் மற்றவர்கள் கோயில் நிர்வாகத்தில் சேருவார்கள், அல்லது மிளகாய்க் கன்று வைப்பார்கள். மிஸி வீட்டையே கைத்தொலைபேசியால் ஆட்டிவைக்கும் வேலையில் இறங்கினார். அதற்குக் காரணம் அவருடைய ஒரே மகன். ரொறன்ரோவில் இருந்தான். தகப்பன் போய் வெகுகாலம். தாய் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் ஒரு மணித்தியாலம் கிடந்தார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தும் கேட்கவில்லை, அன்றைக்கு என் வீட்டில் மெசினில் சீமெந்துக் கல்லரிகிற சத்தம். அதிலிருந்து மகன் ஒற்றைக்காலில் நின்றான், அம்மா கனடாவுக்கு வந்துவிட வேண்டும் என்று. அம்மா மாட்டேன் என்றார்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மகன் சாமான் அனுப்புவான். சித்திரை வருடப்பிறப்பிலிருந்து மூன்று மாதம் அந்தச் சாமான்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருதரமாவது பார்த்துக்கொள்ளத் தவறினால் அம்மா மறுபேச்சுப் பேசாமல் விமானம் ஏற வேண்டும். வீடியோவில் நடந்த இந்தப் பேச்சுவார்த்தைக்கு நான் சாட்சி. சுவரில் இருக்கிற சுவிச்சை அமத்துவதற்குக் கனடாவைக் கேட்க வேண்டுமா என்பது என்னுடைய கட்சி. ஆனால் என் கட்சியை யாரும் கேட்கவில்லை.

பெட்டி வந்த அன்று மிஸி அதற்குள் இருந்த விளக்கக் கடுதாசி ஒன்றையும் எடுத்துப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து, குழந்தைகளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நிறுக்கிற பழைய வில்லுத் தராசை எடுத்தார். ஒரு பெரிய பதிவேட்டையும் எடுத்தார். ஒவ்வொரு மின்குமிழாகத் துணியில் கட்டி நிறுத்து எழுதினார். இலக்கம், நிறை, பிறந்த நேரம், முதல் அழுகை, குறிப்பு. தொலைபேசியில் உள்ள செயலி அந்தக் குமிழைக் கண்டுபிடிக்கும் நேரம்தான் பிறந்த நேரம். அதுவரைக்கும் குமிழ் மினுங்கி மினுங்கி அணையும். நான் அவசரப்பட்டுக் கழற்றிப் பூட்டப் போனால் கையில் தட்டுவார். "முக்குது. பொறுங்கோ தம்பி" என்பார். குமிழ் ஒருவழியாக நின்று எரிந்ததும், அதுதான் முதல் அழுகை, மணிக்கூட்டைப் பார்ப்பார். குறிப்பு என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்: தாயும் சேயும் நலம். குமிழுக்குத் தாய் யார் என்று கேட்டேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த வைஃபைப் பெட்டியை முகத்தை உயர்த்தி நாடியால் காட்டினார். யாரோ அதற்குப் பின்னிப் போட்டிருந்த பூவுறையை மூச்சு முட்டும் என்று அன்றைக்கே கழற்றிவிட்டார்.

பெயர் வைத்ததும் அவர்தான். செயலியில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். பின்னறைக் குமிழ் பிறக்க நாற்பது நிமிடம் எடுத்தது, அது சோம்பேறி. குசினிக் குமிழ் அடிக்கடி தொடர்பறுந்து போகும், அது அழுகுணி. கிணற்றுப் பம்பை இயக்குகிற பிளக் மூத்தவன். குரங்கு கலைக்க வைத்த சைரன் வாயாடி. எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த முன்கதவுப் பூட்டு கடைக்குட்டி. குசினி லைற், முன்கதவு என்று வைத்தால் மற்றவர்களுக்கும் விளங்குமே என்று நான் சொன்னேன். மிஸி என்னைக் கீழும் மேலும் பார்த்தார்.

"நீங்கள் உங்கட மகனுக்கு முன்னறைப் பெடியன் எண்டோ பேர் வைச்சனீங்கள்?"



முதல் நோய், எங்கள் பேச்சில் வருத்தம், மூத்தவனுக்குத்தான் வந்தது. காலை ஆறு மணிக்குப் பம்பு ஓடித் தண்ணீர்த் தாங்கி நிறைய வேண்டும் என்று மிஸி சொல்லிவைத்திருந்தார். காலையில் ஓடவில்லை. தானே கையால் போட்டுத் தாங்கியை நிரப்பினார். பின்னேரம் யாரும் கேளாமல் பம்பு ஓடி, தாங்கி வழிந்து, முற்றத்தில் காய்ந்த அவித்த நெல் முழுவதும் குளித்தது. நானாக இருந்தால் பிளக்கைக் கழற்றி வாய்க்காலுக்குள் எறிந்திருப்பேன். மிஸி ஒரு கதிரையைக் கிணற்றடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் பின்னேரம் அதன் பக்கத்திலேயே இருந்தார். மூன்று நாளும் சரியாக மூன்றரைக்கு ஓடியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு வேலிக்கு வந்து என்னிடம் அறிக்கை சமர்ப்பித்தார். அதற்கு வருத்தம் ஒன்றும் இல்லையாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையாம். மகன் செயலியை ரொறன்ரோவில் இருந்து தொடங்கியபடியால் வீடு முழுவதும் தான் கனடாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதரை மணித்தியாலத்தை மிஸி ஒரு விரலால் திருத்தினார். பதிவேட்டில் மூத்தவனுக்கு நேரே, நாடு திரும்பியது என்று எழுதினார்.

இந்தக் கதை பரவியதும் ஊரில் உள்ள மற்ற வீடுகளில் இருந்தும் ஆள் வரத் தொடங்கியது. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடென்றால் இப்படி ஏதாவது ஒரு சாமான் வந்து மூலையில் கிடக்கத்தானே செய்யும். மிஸி தன்னுடைய பழைய தோல்பையோடு போவார். உள்ளே திருப்புளியும் வயர் சுற்றுகிற கறுப்பு ரேப்பும் இருக்கும். முதலில் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். பிறகு ஆண்கள் எல்லாரையும் அறைக்கு வெளியே போகச் சொல்வார். சுடுதண்ணீர் வைக்கச் சொல்வார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கமரா பூட்டுவதற்குச் சுடுதண்ணீர் எதற்கு என்று கேட்டேன். தேத்தண்ணி போட என்றார். அந்தக் கமரா நான்கு மணித்தியாலம் அசையவில்லை. வீட்டுக்காரர் போதும் மிஸி, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். அது அழாமல் தான் போவதில்லை என்று மிஸி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். எட்டு இருபதுக்குப் பீப் என்று அழுதது. எனக்கு அந்த மனுசியில் உண்மையான மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மகன் வீட்டுச் செயலிக்குள் ஒரு விதி எழுதி வைத்திருந்தான். வீட்டின் நடு மண்டபத்துச் சுவரில் ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சர் ஒன்று. பன்னிரண்டு மணித்தியாலம் மண்டபத்தில் ஒரு அசைவும் இல்லையென்றால் வீட்டின் எல்லா லைற்றும் எரியும், வாயாடி கத்தும், ரொறன்ரோவுக்குத் தகவல் போகும். மிஸி ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்கிற ஆளில்லை. ஆகவே சித்திரை முழுவதும் வீடு வாய் திறக்கவில்லை. அவர் வென்றுவிடுவார் என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

வைகாசி வந்தது. வைகாசி என்றால் வற்றாப்பளை அம்மன் பொங்கல். இடம்பெயர்ந்த வருடங்களைத் தவிர மிஸி போகாத பொங்கல் இல்லை. இந்த வருடம் போகவே கூடாது என்று மகன் சொல்லிவிட்டான். சன நெரிசல், இரவிரவாக நிற்க வேண்டும், கிணற்றடியில் விழுந்த இடுப்பு. போனால் ஒப்பந்தம் முடிந்தது என்றான். மிஸி என்னிடம் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். வைஃபையும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல் கடல் தண்ணீரில் எரிகிற அம்மன் விளக்கைப் பார்க்கப் போவதற்குத் தான் வைஃபையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பொங்கலன்று திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்து, தான் இன்றைக்கு மௌன விரதம், யாரும் கூப்பிட வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு உண்மையைச் சொல்லாததில் பிழையில்லை. என் மனைவி கிழமைக்கு ஒருதரம் அவருடைய மகனோடு கதைப்பவள், அவள் வயிற்றில் ஒன்றும் நிற்காது. மத்தியானம் சாய்ந்ததும் மிஸி தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, பின்வேலிப் படலையைத் திறந்து இறங்கி வற்றாப்பளைக்குப் பஸ் ஏறிவிட்டார். தொலைபேசியைக் கொண்டுபோனால் அது அவர் நிற்கிற இடத்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

அப்படியென்றால் சென்சரை எப்படிச் சமாளிப்பது? அதற்கும் ஆள் வைத்திருந்தார். மண்டபத்தில் பத்திரிகை விரித்து, ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்து, இரண்டு கைப்பிடி அரிசிக் குறுணல் எறிந்து, தன்னுடைய சிவப்புப் பேட்டுக் கோழியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். கோழி நடக்கும். வீடு, மிஸி நடக்கிறார் என்று நினைக்கும். ரொறன்ரோவும் அப்படியே நினைக்கும். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு அந்த மூளையைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒரேயொரு இடத்தில்தான் பிசகியது. றோட்டில் போகிற பெண்ணின் நடையைப் பார்த்தே இது எத்தனையாம் மாதம் என்று சொல்கிற மிஸி, தன் சொந்தக் கோழியின் முகத்தை அன்று பார்க்கவில்லை. அது அடைக்குக் கிடக்கிற பருவத்தில் இருந்தது. குறுணலைத் தின்று முடித்துவிட்டுப் பொழுதுபடுகிற நேரம் மெத்தைக் கதிரையில் ஏறிச் சிறகை அகட்டிக்கொண்டு இருந்துவிட்டது. அடைக்கோழி அசையாது. இடி விழுந்தாலும் அசையாது.

செவ்வாய்க்கிழமை காலை நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றபோது, நல்ல வெளிச்சத்தில் மிஸி வீட்டு லைற்றுகள் எல்லாம் எரிந்தன. வாயாடி ஊரைக் கூட்டியது. அடுத்த நிமிடம் என் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, அம்மா போன் எடுக்கிறாவில்லை."

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே மிஸியின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்வது கேட்டது.  மகன் தான் அங்கிருந்தே கதவைத் திறக்கிறேன் என்றான். பிறகு செயலியில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்தான்.

"இதில கதவு எது அண்ணை? சோம்பேறி, அழுகுணி, மூத்தவன் எண்டெல்லாம் கிடக்கு" என்றான்.  அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பதற்றத்தில் எனக்கு ஒரு பெயரும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் கதவுதானே முக்கியம் என்று மூத்தவன் என்றேன். பம்பு ஓடத் தொடங்கியது. தாங்கி ஏற்கெனவே நிறைந்திருந்தபடியால் கூரையெல்லாம் தண்ணீர் கொட்டியது. அவன் வேறெதையோ அமத்தினான், சைரன் நின்று மறுபடி புதுப்பலத்தோடு தொடங்கியது.

பகலில் எல்லா லைற்றும் எரிகிற வீடு, வாசலில் கலங்கி நிற்கிற நான், உள்ளே யாரும் எடுக்காத தொலைபேசி. எங்கள் ஒழுங்கைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பத்து நிமிடத்தில் செத்தவீடுகளுக்குக் கதிரையும் தறப்பாளும் கொடுக்கிற மரணச் சங்கத்தின் தலைவர் உழவு மெசினில் கதிரைகளோடு வந்துவிட்டார். தறப்பாள் கட்ட இரண்டு பேர் மரத்தில் ஏறினார்கள். நான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக்கொண்டு குசினி யன்னலால் உள்ளே குதித்தேன். அறைகளில் ஆளில்லை. மண்டபத்துக் கதிரையில் கோழி இருந்து என்னைக் கோபமாகப் பார்த்தது. குளியலறைக் கதவு இறுகிக் கிடந்தது, தட்டினால் பதிலில்லை. அந்தக் கதவு ஈரம் குடித்தால் இறுகுவது என்று பிறகுதான் தெரிந்தது. குளியலறை பூட்டியிருக்கிறது என்று யன்னலால் வெளியே சொன்னேன். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. கடைசி வீட்டுக் கிழவி தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். நானும் அழுதுகொண்டுதான் கதவுக்குத் தோள் கொடுத்தேன்.

வாசலில் அடுத்து நடந்ததை யன்னலால் கண்டேன். ஒரு ஓட்டோ வந்து நின்றது. மிஸி இறங்கினார். ஒரு கையில் பொங்கல் பார்சல், மற்றக் கையில் வேப்பிலை. தன் வீட்டு முற்றத்தில் தறப்பாளும் கதிரையும் சனமும். படலையடியில் குனிந்து கதிரைகளை விரித்துக்கொண்டிருந்த சங்கத் தலைவரிடம், "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

"மிஸி" என்றார் தலைவர், நிமிராமலே.

மிஸி பார்சலைக் கீழே வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு?"

"ஆறு பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் தலைவர் நிமிர்ந்தார். தான் கொண்டுவந்த கதிரையிலேயே தொப்பென்று இருந்துவிட்டார்.

மரத்தில் நின்றவர்கள் கயிற்றை நழுவவிட்டார்கள், கிழவி மட்டும் நிறுத்தவில்லை. கிழவிக்குக் கண் தெரிவது குறைவு. அதோடு ஒப்பாரியும் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. மிஸி பக்கத்தில் போய்க் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு இரண்டு பிள்ளை எடுத்துத் தந்தவளே என்று கிழவி இழுத்தபோது மட்டும் குறுக்கிட்டார். மூன்று என்றார். மூன்றாவது, விடிய நாலு பத்துக்கு. கிழவி மூன்று என்று திருத்திக்கொண்டு பாடி முடித்தாள்.

நான் ஓடிவந்து தொலைபேசியை மிஸியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.  மகன் விம்மினான். பிறகு கோபம் வந்தது. சொல்லாமல் போனது, கோழியை விட்டு ஏமாற்றியது எல்லாவற்றையும் அடுக்கினான். வீட்டால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்துவிட்டது, ஒப்பந்தப்படி கனடாவுக்கு ரிக்கற் போடுகிறேன் என்றான்.

 மிஸி சொன்ன சொல்லில் நிற்கிற மனுசி. ஒரு நிமிடத்தைக்கூட யாருக்கும் மாற்றிக் கொடுக்காதவர், தன் ஒப்பந்தத்தை மாற்றிக் கேட்பாரா? அவர் முகம் செத்துப்போனதை அப்போதுதான் பார்த்தேன். இந்த முற்றத்தில் மிஸி இல்லாமல் நாங்கள் எப்படி இருப்போம் என்று நினைத்தேன். சுவிச்சைப் பற்றிய என் கட்சியெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அவர் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார். கதிரை வரிசை வழியாக நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் பிடித்தார். பெயர் சொல்லவில்லை.

"இது மத்தியானம் ரெண்டு இருபது. கொடி சுத்தி வந்தவன். இது விடிய மூண்டு அஞ்சு. இது பங்கருக்குள்ள, நேரம் ஒன்பது நாற்பது. இவள் மருமோள், வெளியூர், ஆனா இவளின்ர ரெண்டும் என்ர கை." அப்படியே கடைசிக் கதிரை வரைக்கும் போனார். 

"நாற்பத்தொரு பேர், மோனை. நான் விழேல்லை. விழாமலே கால் மணித்தியாலத்தில வந்திருக்கினம். உன்ர வீட்டில விழுந்தா ஆர் வருவினம்?"



"நான் வேலையால வர ஆறு மணியாகும் அம்மா" என்றான் மகன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். ரிக்கற் கதை அதோடு நின்றது. கதிரைகள் வந்துவிட்டபடியால் மிஸி தன் செத்தவீட்டுக்கு வந்த நாற்பத்தொரு பேருக்கும் சுடுதண்ணீர் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அம்மன் பொங்கலையும் ஆளுக்கொரு நுள்ளு பகிர்ந்தார். கோழியை யாரும் கதிரையால் எழுப்பக்கூடாது என்று கட்டளை போட்டு, அதற்குக் கீழே பதின்மூன்று முட்டை வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வவுனியாவுக்கு வேலை மாற்றம் வந்தது. சாமான் ஏற்றுகிற அன்று விடைபெறப் போனபோது மிஸி பதிவேட்டை என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். புரட்டினேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு பதிவு இருந்தது. வீடு. காலை 6.12. நன்றாக அழுதது. வந்தவர்கள் நாற்பத்தொன்று. தாய் நலம்.

சேய்க்கு மட்டும் அன்றைக்கு இடம் விட்டிருக்கிறார். அது பிறகு வேறு மையில் நிரப்பப்பட்டிருந்தது. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வருட மார்கழியில் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியபோது, கட்டிப்பிடிக்க வந்தவனைப் படலையிலேயே மறித்து, எங்கள் வீட்டு நெல் மூட்டைத் தராசைக் கொண்டுவரச் சொல்லி அதில் ஏற்றினார். ரொறன்ரோவில் ஏதோ பெரிய வேலையில் இருக்கிறவன், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான். மிஸி ஒரு கண்ணைத் தராசிலும் மறு கண்ணை மணிக்கூட்டிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

சேய் வந்தது, மாலை 4.40. நிறை தொண்ணூற்றுநான்கு கிலோ. உடனே அழுதது.